வெற்று அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்: மருத்துவமனை மருத்துவர்களுக்கு ஓர் ஆய்வு வழிகாட்டி

மருத்துவமனையில் ஆய்வு செய்ய விரும்பும் மருத்துவர்களுக்குப் புள்ளியியல் உதவி செய்வது என் வேலை. அறுவைச் சிகிச்சை, குழந்தைகள் நலம், மயக்கவியல், கண், மனநலம், கதிரியக்கம் என எந்தத் துறையிலிருந்து வந்தாலும், பெரும்பாலானவர்கள் நிரம்பி வழியும் ஓர் எக்செல் கோப்போடுதான் வருகிறார்கள். "தரவு எல்லாம் தயார். பி மதிப்பு மட்டும் கணக்கிட்டுக் கொடுங்கள்" என்பார்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்தான் பி மதிப்பு. கோப்பைத் திறந்தால் நாற்பது, ஐம்பது பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். அவர்கள் கேட்க நினைத்த கேள்விக்குத் தேவையான அந்த ஒரு பத்தி மட்டும் இருக்காது. டூட்டி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் சேர்த்த உழைப்பு அது. அது வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் நோயாளியின் விவரத்தைக் குறிப்பதற்கு முன்பே, உங்கள் கட்டுரையில் வரப்போகும் அட்டவணைகளை, எண்கள் எதுவும் இல்லாமல், ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

கேள்வி எங்கே கிடைக்கும்

நல்ல கேள்வியை நூலகத்தில் தேட வேண்டாம். ரவுண்ட்ஸ் போகும்போது கவனியுங்கள். ஒரே நோய்க்கு ஒரே வார்டில் இரண்டு மூத்த மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சிகிச்சை அளிக்கிறார்கள், இருவரும் தங்கள் முறையே சரி என்று நம்புகிறார்கள் என்றால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி செய்து, காரணம் கேட்டால் "காலங்காலமாக இப்படித்தான்" என்று பதில் வந்தால், அதைவிடப் பெரிய கேள்வி அங்கே இருக்கிறது.

இதயவியலில் நடந்ததைப் பாருங்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புகிறவர்கள் திடீரென இறக்கும் ஆபத்து அதிகம். அப்படியானால் அந்த ஒழுங்கின்மையை அடக்கும் மருந்து உயிரைக் காக்கத்தானே வேண்டும்? என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் 1989இல் காஸ்ட் ஆய்வின் முடிவு வந்தபோது, போலி மருந்து பெற்றவர்களைவிட இவற்றை உட்கொண்டவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். குழந்தை மருத்துவத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்குச் சிரை வழியே திரவத்தை வேகமாக ஏற்றுவது பாடப்புத்தகச் சிகிச்சை. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் செய்து 2011இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், அப்படி வேகமாக ஏற்றிய இரு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏற்றாத குழுவில் இறந்தவர்கள் 7.3 சதவீதம்.

இவை பன்னாட்டு ஆய்வுகளோ பல மருத்துவமனை ஆய்வுகளோ ஆயிற்றே, நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலுக்குள் ஆர்த்ரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது பலன் தருகிறதா என்று கேட்ட ஆய்வு 2002இல் வெளியானது. நோயாளிகள் 180 பேர். அறுவை செய்தவர் ஒரே ஒருவர். ஒரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தும், உண்மையான அறுவை அந்த வெறும் கீறலைவிட மேலானதாக இல்லை. ஓர் எலும்பியல் பிரிவு தன் அன்றாட வேலையின் மீதே கேட்ட கேள்வி அது.

சில நேரம் ஆய்வு என்பது ஒரு சிறு கடிதமாகவும் இருக்கும். 1961இல் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு, தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் கண்ட குறைபாடுகளை லான்செட் இதழுக்குச் சில வரிகளில் எழுதி, மற்றவர்களும் இதைக் கண்டிருக்கிறார்களா என்று கேட்டார். உங்கள் வார்டில் விசித்திரமாக எதையாவது இரண்டாவது முறை பார்த்தால், அன்றைக்கே குறித்து வையுங்கள்.

ஆனால் தலைப்பு வேறு, கேள்வி வேறு. இந்த இடத்தில்தான் முதல் ஆலோசனையின் பெரும்பகுதி கழிகிறது. ஓர் இளம் அறுவை மருத்துவரோடு நடந்த பேச்சு ஏறத்தாழ இப்படி இருந்தது:

"அறுவைக்குப் பின் வரும் காயத் தொற்றைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும், சார்."

"யாருக்கு வரும் தொற்று, டாக்டர்?"

"குடல்வால் அறுவை செய்தவர்களுக்கு. திறந்த அறுவை."

"எல்லோருமா, குடல்வால் வெடித்து வந்தவர்கள் மட்டுமா?"

"வெடித்தவர்கள் மட்டும். தோலை உடனே தைத்து மூடலாமா, சில நாள் விட்டுத் தைக்கலாமா என்பதில்தான் எங்கள் பிரிவில் கருத்து வேறுபாடு."

"இப்போது கேள்வி வந்துவிட்டது. தொற்றை எத்தனை நாள் வரை பார்ப்பீர்கள்?"

"டிஸ்சார்ஜ் ஆகும் வரை."

"வீட்டுக்குப் போன பிறகு சீழ் பிடித்தால்?"

அவர் யோசித்தார். அந்த யோசனைதான் ஆய்வின் உண்மையான தொடக்கம். தாமதித்துத் தைத்தவர்கள் மருத்துவமனையில் அதிக நாள் இருப்பார்கள். அவர்களின் தொற்று நம் கண்ணில் படும். உடனே தைத்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்புவார்கள். அவர்களின் தொற்று கண்ணுக்குத் தெரியாமல் போகும். டிஸ்சார்ஜ் வரை மட்டும் எண்ணினால் உடனே தைப்பதே சிறந்தது என்று முடிவு வரும், அது பொய்யாகவே இருந்தாலும். எனவே இரு குழுவுக்கும் முப்பது நாள் என்று வைத்து, முப்பதாம் நாள் தொலைபேசியில் கேட்பது என்று திட்டம் மாறியது.

அட்டவணையை வரைதல்

முதல் அட்டவணை, உங்கள் நோயாளிகள் யார் என்று சொல்லும். மேலே இரண்டு பத்தித் தலைப்புகள்: உடனே தைத்தவர்கள், தாமதித்துத் தைத்தவர்கள். பக்கவாட்டில் வயது, பால், உடல் எடை, நீரிழிவு, புகைப்பழக்கம், வலி தொடங்கியதிலிருந்து அறுவை வரை ஆன நேரம். இரண்டாவது அட்டவணை விடையைச் சொல்லும்: முதல் வரியில் முப்பது நாளுக்குள் காயத் தொற்று, அடுத்து ஆழமான தொற்று, மருத்துவமனையில் இருந்த நாட்கள், மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள். முதல் வரியில் இருப்பதுதான் உங்கள் முதன்மை விளைவு. அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல் வரியில் எதைப் போடுவது என்று குழுவுக்குள் உடன்பாடு வராவிட்டால், ஆய்வைத் தொடங்க இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

வரைந்த பிறகு ஒவ்வொரு கட்டத்தின் மீதும் விரலை வைத்து, "இந்த எண் எந்தத் தாளிலிருந்து, யார் எழுதியதிலிருந்து வரும்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள், அல்லது அதைக் குறிக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எந்தக் கட்டத்திலும் இடம் பெறாத விவரத்தைச் சேகரிக்கவே வேண்டாம். கோவிட் காலத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் என்று 2020இல் நிறுவிய ரிகவரி ஆய்வில், நெருக்கடியில் இருந்த வார்டு மருத்துவர்கள் நிரப்ப வேண்டியிருந்தது மிகக் குறைவு: சேர்க்கும்போது ஒரு சிறு படிவம், நோயாளி வீடு திரும்பும்போதோ இறக்கும்போதோ 28ஆம் நாளோ இன்னொன்று. அதனால்தான் ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க முடிந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்ததைக் கண்டுகொள்ள, நூறு பத்திகள் தேவைப்படவில்லை.

ஒரு கட்டத்தை நெருங்கிப் பார்ப்போம். ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு எவ்வளவு விரைவில் ஆன்டிபயாட்டிக் போடுகிறோம் என்று அளக்க விரும்புகிறீர்கள். படிவத்தில் "ஆன்டிபயாட்டிக் நேரம்" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். எந்த நேரம் அது? மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிய நேரம் ஒன்று. மருந்தகத்திலிருந்து மருந்து வார்டுக்கு வந்த நேரம் ஒன்று. செவிலியர் ஊசி போட்டு மருந்துத் தாளில் கையெழுத்திட்ட நேரம் ஒன்று. மருந்துத் தாளை உற்றுப் பார்த்தால், பல ஊசிகளின் நேரம் ஆறு, பத்து, இரண்டு என்று முழு மணியாகவே இருக்கும். அது போட வேண்டிய நேரம், போட்ட நேரம் அல்ல. தொடக்க நேரத்திலும் இதே சிக்கல்: நோயாளி வாசலுக்கு வந்ததா, அவசரப் பிரிவில் பதிவானதா, முதல் மருத்துவர் பார்த்ததா? இரு முனைகளையும் வரையறுக்காமல் அளந்த கால இடைவெளிக்குப் பொருளே இல்லை. வரையறையைக் கட்டத்துக்குக் கீழேயே சிறிய எழுத்தில் அச்சிடுங்கள்: "செவிலியர் ஊசி போடத் தொடங்கிய நேரம், நிமிடத்தோடு." தனி வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதி வைத்தால் யாரும் இரவு மூன்று மணிக்கு அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

எந்த வகை ஆய்வு

அட்டவணை தயாரானால் வகை தானே தெளிவாகிவிடும். ஒரே ஒரு பத்தி இருந்தால் அது விவரிப்பு. இரண்டு பத்திகள் இருந்து, யார் எந்தப் பத்தியில் என்பதை வழக்கமான சிகிச்சையே முடிவு செய்தால் அது கவனிப்பு ஆய்வு. சீட்டுக் குலுக்கல் முடிவு செய்தால் அது சோதனை ஆய்வு.

குலுக்கலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1948இல் வெளியான, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வில் மொத்தம் 107 பேர்தான். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் குலுக்கல் முறையில் முன்கூட்டியே தீர்மானித்து, ஒட்டிய உறைகளில் வைத்தார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்க முடியும். எக்ஸ்-ரே படங்களைப் படித்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். இன்றும் சிறிய மருத்துவமனையில் செய்யத்தக்க எளிய ஏற்பாடுகள் இவை. "திங்கள், புதன் வருகிறவர்களுக்கு ஒரு முறை, மற்ற நாட்களில் இன்னொரு முறை" என்று பிரிக்காதீர்கள். அடுத்து வருபவருக்கு எது என்று சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், அவரை அறியாமலே கை ஒரு பக்கம் சாயும்.

துறைக்குத் துறை மாறும் பள்ளங்கள்

புள்ளியியல் எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். ஆனால் சறுக்கும் இடம் துறைக்குத் துறை வேறு. வருடக்கணக்கில் பார்த்ததில் மனத்தில் நிற்பவற்றைச் சொல்கிறேன்.

கண் மருத்துவர்களிடம் முதலில் கேட்பது, "நூறு கண்களா, நூறு நோயாளிகளா?" ஒருவரின் இரு கண்களும் ஒரே வயது, ஒரே சர்க்கரை, ஒரே ரத்த அழுத்தம் கொண்டவை. ஐம்பது பேரின் நூறு கண்களை, நூறு தனி மனிதர்களாக எண்ணினால், உண்மையில் இல்லாத துல்லியம் கணக்கில் வந்துவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு கண் என்று முன்பே விதி வையுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் அதற்கேற்ற பகுப்பாய்வு தனி. இரு முழங்கால்களை மாற்றும் எலும்பியல் மருத்துவருக்கும், பல பற்களை அளக்கும் பல் மருத்துவருக்கும், இரட்டைக் குழந்தைகளை எண்ணும் மகப்பேறு மருத்துவருக்கும் இதே பேச்சுதான்.

பொது மருத்துவத்தில் எதிராளி வேறு. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏதோ ஒரு பயிற்சி கொடுத்து, மூன்று மாதம் கழித்து அளந்தால் அழுத்தம் குறைந்திருக்கும். பயிற்சியே கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஓரளவு குறைந்திருக்கும். ஏனெனில் அன்றைக்கு உச்சத்தில் இருந்ததால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தீர்கள். மறுமுறை அளக்கும்போது எண் சராசரியை நோக்கித் திரும்புவது இயல்பு. ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்-பின் ஆய்வை நான் கூடியவரை தடுத்துவிடுவேன்.

மருத்துவமனை நோயாளிகளை மட்டும் வைத்து இரு நோய்களுக்கு உறவு தேடுபவர்கள், ஜோசஃப் பெர்க்சன் 1946இல் காட்டியதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பித்தப்பை அழற்சியும் நீரிழிவும் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. ஒரு நோய் மட்டும் உள்ளவரைவிட இரண்டும் உள்ளவர் மருத்துவமனையில் சேர வாய்ப்பு அதிகம். எனவே வார்டுக்குள் மட்டும் எண்ணினால், வெளியே இல்லாத உறவு உள்ளே தோன்றிவிடும். உங்கள் மருத்துவமனை ஊரின் சிறு மாதிரி அல்ல; பல வாசல்களில் வடிகட்டி வந்தவர்களின் கூட்டம்.

அறுவை மருத்துவர்கள் ஆய்வில் சந்திக்கும் பெரிய பள்ளம், காத்திருக்கும் காலம். 1970களின் தொடக்கத்தில் இதய மாற்று அறுவை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாகக் கணக்குகள் வந்தன. தானம் கிடைக்கும் வரை உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அறுவையே நடந்தது. காத்திருக்கும்போதே இறந்தவர்கள் எல்லாம் "பெறாதவர்கள்" பக்கம் சேர்ந்தார்கள். அப்படிப் பிரித்தால் அறுவை ஒரு பலனும் தராவிட்டாலும் பலன் தந்ததாகவே தெரியும். புற்றுநோய்ப் பிரிவில் "ஆறு சுற்று கீமோதெரபியும் முடித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள்" என்பதும் இதே வகைதான். நாள் எண்ணத் தொடங்கும் புள்ளி இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மயக்கவியலில் வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்பார்கள். படுத்திருக்கும்போதா, இருமும்போதா? வயிற்று அறுவைக்குப் பின் இந்த இரண்டும் வேறு வேறு உலகம். "அறுவை முடிந்து 6 மணி நேரம்" என்றால் கடைசித் தையலிலிருந்தா, கண் விழித்ததிலிருந்தா? இவற்றை எழுதாவிட்டால், பகல் டூட்டியில் இருப்பவர் ஒன்றையும் இரவு டூட்டியில் இருப்பவர் இன்னொன்றையும் அளப்பார்கள். மனநலத் துறையிலோ அளவுகோலே வினாத்தாள்தான். ஒரு மொழியில் சோதித்து ஏற்கப்பட்ட வினாத்தாளை நாமே அவசரமாக மொழிபெயர்த்துப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வடிவம் உங்கள் மொழியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்க்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கதிரியக்கம், நோய்க்குறியியல் துறைகளில் இருவர் ஒரே படத்தையோ ஸ்லைடையோ பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பது அடிக்கடி வரும் கேள்வி. "நூற்றுக்கு 86 ஸ்லைடுகளில் ஒத்த கருத்து" என்று மகிழ்ச்சியோடு வருவார்கள். இருவருமே நூற்றில் 90 ஸ்லைடுகளை இயல்பானவை என்று சொல்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 82 ஸ்லைடுகளில் ஒத்துப்போயிருப்பார்கள்: இயல்பு என்பதில் 81, இயல்பல்ல என்பதில் 1. ஆக, தற்செயலைத் தாண்டி எட்டக்கூடிய 18இல் எட்டியது 4 மட்டும். கப்பா என்ற அளவு அதைத்தான் சொல்கிறது. இங்கே அது 0.22. ஒத்துப்போனவர்களின் சதவீதத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

அவசரப் பிரிவில் நேரமே மருந்தின் ஒரு பகுதி. விபத்தில் ரத்தம் இழப்பவர்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்துப் பார்த்த கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளின் 20,211 நோயாளிகளைச் சேர்த்து 2010இல் வெளியானது. மருந்து உயிர் காத்தது. அடுத்த ஆண்டு வந்த பகுப்பாய்வில், காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை, அதற்குப் பின் தீங்குகூட நேரலாம் என்று தெரிந்தது. காயம்பட்ட நேரத்தைப் படிவத்தில் கேட்டிருந்ததால்தான் இந்த இரண்டாவது உண்மை கையில் கிடைத்தது.

எத்தனை பேர் வேண்டும்

எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு நான் திருப்பிக் கேட்பது: "எவ்வளவு வித்தியாசம் வந்தால் உங்கள் சிகிச்சை முறையை மாற்றுவீர்கள்?" அந்த எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. தொற்று 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைவதைக் கண்டுபிடிக்க, வழக்கமான 80 சதவீதத் திறனும் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை எல்லையும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) வைத்தால், குழுவுக்கு ஏறத்தாழ 200 பேர் தேவை. 20இலிருந்து 15ஆகக் குறைவதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 900 பேர். வித்தியாசம் பாதியானால் எண்ணிக்கை நான்கு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. கிடைக்கப்போகும் நோயாளிகள் முப்பது பேர்தான் என்றால், இரு சிகிச்சைகளை ஒப்பிடும் கேள்வியைக் கைவிட்டு வேறு கேள்வி தேடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது பேரை வைத்துக்கொண்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதுவது தவறான தகவல்.

அறுவை மருத்துவர்களுக்கு ஒரு பயனுள்ள கணக்கு. தொடர்ந்து 50 அறுவைகளில் ஒரு சிக்கலும் வரவில்லை என்றால், சிக்கலே வராது என்று பொருளல்ல. மூன்றை எண்ணிக்கையால் வகுங்கள்: 3/50, அதாவது 6 சதவீதம். உண்மையான சிக்கல் வீதம் 6 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதோடு உங்கள் ஐம்பது வெற்றிகளும் முரண்படவில்லை. 300 அறுவைகள் அப்படி நடந்தால் அந்த எல்லை 1 சதவீதத்துக்கு இறங்கும்.

நெறிமுறைக் குழுவும் நோயாளியின் ஒப்புதலும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, தரவைத் தொடுவதற்கு முன் வர வேண்டும். பழைய கேஸ் ஷீட் மட்டும்தானே என்பது விலக்கு ஆகாது. ஒப்புதல் பெறத் தேவையில்லை என்று முடிவு செய்யும் உரிமையும் குழுவுக்கே உண்டு, ஆய்வாளருக்கு இல்லை. சிகிச்சையை ஒதுக்கிக் கொடுக்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பின்னால் பதிந்தால் நல்ல ஆய்வும் திரும்பி வரும்.

ஒப்புதல் படிவத்தை விட ஒப்புதல் வாங்கும் விதம் எனக்கு முக்கியம். நாளை தனக்கு அறுவை செய்யப்போகும் மருத்துவரே படிவத்தை நீட்டினால், எத்தனை பேருக்கு மறுக்கத் துணிவு வரும்? 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சின்கி பிரகடனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: நோயாளி உங்களைச் சார்ந்திருக்கும் நிலையில், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவர் ஒப்புதல் கேட்க வேண்டும். வேறு பிரிவின் மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆய்வுச் செவிலியரையோ ஏற்பாடு செய்யுங்கள். படித்துக் காட்டிய பிறகு, "நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். "மறுத்தாலும் இதே கவனிப்பு கிடைக்கும்" என்ற வரியை நோயாளியே திருப்பிச் சொல்லும்போதுதான் அது ஒப்புதல்.

தரவைச் சேர்க்கும்போது

முதல் பத்து நோயாளிகளோடு படிவத்தைச் சோதித்துப் பாருங்கள். இருவர் தனித்தனியாக ஒரே கேஸ் ஷீட்டிலிருந்து நிரப்பட்டும். எந்தக் கட்டத்தில் இருவரும் வேறுபடுகிறார்களோ, அந்தக் கட்டத்தின் வரையறை சரியில்லை.

காலியான கட்டத்துக்கு மூன்று பொருள் உண்டு: இல்லை, தெரியவில்லை, கேட்கவில்லை. மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். தெரியாத வயதுக்கு 99 என்று போட்டால் சராசரி வயது சத்தமில்லாமல் ஏறிவிடும். எக்செல் தானாகவே எதையும் தேதியாக மாற்றும் பழக்கம் உடையது. மரபணு ஆய்வாளர்கள் இதனால் பட்ட பாட்டில் 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. முடிந்தால் ரெட்கேப் போன்ற தரவு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் எக்செல்லிலேயே ஒவ்வொரு பத்திக்கும் ஏற்கத்தக்க எல்லையைப் பூட்டிவிடுங்கள்: ஹீமோகுளோபின் 12.5 என்பதற்குப் பதிலாக 125 என்று யாராவது தட்டினால் அங்கேயே மறுக்கட்டும். நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் ஒரு கோப்பில், ஆய்வு எண்ணும் மருத்துவ விவரங்களும் இன்னொரு கோப்பில். இரண்டையும் ஒரே பென் டிரைவில் போட்டுக்கொண்டு அலையக் கூடாது.

யாரைச் சேர்க்கவில்லை, ஏன் என்பதையும் எழுதி வையுங்கள். பலர் விட்டுவிடுகிற பக்கம் இது.

கணக்குப் போடும் நாள்

வெற்று அட்டவணை கையில் இருந்தால் அன்று வேலை குறைவு, கட்டங்களை நிரப்புவதுதான். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதே குழுவில் அவரைக் கடைசி வரை வைத்துக் கணக்கிடுங்கள், இடையில் சிகிச்சை மாறியிருந்தாலும். பி மதிப்பை மட்டும் எழுதாதீர்கள். வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) எதுவரை என்று எழுதுங்கள். வார்டில் முடிவெடுப்பவருக்கு உதவுவது அதுதான்.

முதன்மை விடையில் வித்தியாசம் வராதபோது ஓர் ஆசை எழும்: பெண்களில் மட்டும் பார்ப்போமா, அறுபது வயதுக்கு மேல் மட்டும் பார்ப்போமா? இந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதற்கு 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வையே காட்டுவேன். மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று 17,187 நோயாளிகளைக் கொண்டு ஐயமற நிறுவிய ஆய்வு அது. உட்பிரிவுகளைப் பிரித்துக் காட்டும்படி கேட்டபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலன் தராததுபோலத் தெரிந்தது. போதுமான துண்டுகளாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டில் ஏதாவது தெரியத்தான் செய்யும். பார்க்க வேண்டிய உட்பிரிவுகளை அட்டவணையில் முன்பே வரைந்திருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அதை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக மட்டும் குறிப்பிடுங்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

செய்முறைப் பகுதியை, ஆய்வுத் திட்டம் எழுதும்போதே எழுதி முடித்துவிடலாம். எதை விடாமல் எழுத வேண்டும் என்பதற்கு வகைவாரியாகப் பட்டியல்கள் இருக்கின்றன: சோதனை ஆய்வுக்கு கான்சார்ட், கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், பரிசோதனை முறைகளின் துல்லியத்துக்கு ஸ்டார்ட், தனி நோயாளியின் அறிக்கைக்கு கேர். இவற்றை அனுப்பும் நாளில் அல்ல, திட்டமிடும் நாளில் எடுத்துப் படியுங்கள்.

ஆசிரியர் பட்டியலையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி முடியுங்கள். பதவிக்காக ஒரு பெயர், தயவுக்காக ஒரு பெயர் என்பது ஏற்கத்தக்கதல்ல. ஆய்வில் உண்மையான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு என்ற நான்கும் இருப்பவரே ஆசிரியர். இரவெல்லாம் படிவம் நிரப்பிய இளம் மருத்துவருக்குக் கட்டுரையைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுங்கள். வாய்ப்பே கொடுக்காமல் "நான்கில் ஒன்று குறைகிறது" என்று பெயரை நீக்குவது அநியாயம்.

வித்தியாசம் இல்லை என்று வந்த ஆய்வையும் அனுப்புங்கள். இதழ் மறுத்தால், விமர்சகரின் குறிப்புகளில் நியாயமானவற்றைத் திருத்தி அந்த வாரமே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். மேசை இழுப்பறைக்குள் போன கட்டுரை வெளியே வருவது அரிது. கட்டுரை வெளிவரும் வரை காத்திராமல், நிரம்பிய அந்த இரண்டு அட்டவணைகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, படிவம் நிரப்பிய செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் வார்டிலேயே காட்டுங்கள். எந்தக் கட்டத்தை நிரப்பச் சிரமமாக இருந்தது என்று அவர்கள் அப்போது சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆய்வின் படிவத்தில் முதலில் திருத்த வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.